ஒப்படைக்க வேண்டியவை

2058ஆம் ஆண்டு நவம்பர் 14, வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். கோயம்புத்தூரில் முதல் நாள் மாலை தொடங்கிய மழை இன்னும் ஓயவில்லை, காற்று இல்லை, வெப்பநிலை இருபத்திரண்டு பாகை. அறிவுடைமை மீட்பு மன்றத்தின் இரண்டாவது அறையில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். தன் மூளையிலிருந்து எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று பிறர் பேசி முடிவெடுப்பதைக் கேட்கவே அவள் அழைக்கப்பட்டிருந்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. நீர்விழி என்ற தனியார் நிறுவனத்தில் பொறியாளர். ஆகஸ்டு மாதம் பணி விலகல் கடிதம் கொடுத்தாள். விலகுவோர் ஒப்படைக்க வேண்டியவை என்று நிறுவனம் அனுப்பிய பட்டியலில் அடையாள அட்டை, மடிக்கணினி, காதொலிப்பான், வண்டி நிறுத்தும் வில்லை ஆகியவற்றுக்குக் கீழே, அதே எழுத்தில், அதே அளவில், "புரிதல் – ஒன்று" என்று இருந்தது. முதல் நான்கையும் அன்றே கொடுத்துவிட்டாள். ஐந்தாவதைக் கொடுக்க மறுத்தாள். அதைக் கொடுக்காதவரை விடுவிப்புக் கடிதம் கிடையாது. விடுவிப்புக் கடிதம் இல்லாதவரை வேறு எந்த அலுவலகமும் அவளைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

அவளுக்காக வாதாட மூன்று வழக்கறிஞர்கள் மறுத்திருந்தனர். கட்சிக்காரர் தற்செயலாக எதையாவது சொல்லிவிட்டால், கேட்ட குற்றத்திற்காகத் தங்கள் தலையும் மீட்புக்கு உள்ளாகும் என்று அவர்கள் அஞ்சினர். அச்சம் நியாயமானதே. சட்டம் அப்படித்தான் இருந்தது.

தீர்ப்பாளர் ஹமீதா பானு கோப்பைப் படிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றுபவர். எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் மாட்டிக்கொள்பவர். இப்போது கழற்றியிருந்தார்.

"நிறுவனத் தரப்பு சொல்லலாம்."

வழக்கறிஞர் சுந்தரவதனம் எழுந்தார். "பெரிய சிக்கல் ஒண்ணும் இல்ல மேடம். நிறுவனம் கொடுத்த பிரச்சினை. நிறுவனம் சம்பளம் கொடுத்த நேரம். அதுல இவங்களுக்கு ஒரு தெளிவு வந்திருக்கு. இவங்க நெத்தியில இருந்த பட்டை அந்த நொடியைப் பதிவு பண்ணியிருக்கு. அது எங்களோடது. இப்ப வேற இடத்துக்குப் போறாங்க. போறவங்க கொடுத்துட்டுப் போகணும்."

"என்ன தெளிவு அது?"

"இங்க சொல்ல முடியாதே மேடம். சொன்னா கேட்ட எல்லாருக்கும் மீட்பு நடத்தணும். உங்களுக்கு, தட்டச்சருக்கு, வாசல்ல நிக்கிற காவலருக்கு."

"அப்ப சொல்லாதீங்க," என்றார் ஹமீதா பானு. "மத்தியானம் எனக்கு இன்னொரு வழக்கு இருக்கு. கொஞ்சம் மூளை வேணும்."

தட்டச்சர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மனுவுல ரெண்டு கேட்டிருக்கீங்க. தெளிவு ஒண்ணு. 'அதற்கு முந்தைய நான்காண்டு முயற்சிகள் அனைத்தும்' அப்படின்னு இன்னொண்ணு. அது எதுக்கு?"

சுந்தரவதனம் பின்வரிசையைப் பார்த்தார். நிறுவனத்தின் மீட்புக்கூடத்தை நடத்தும் டைட்டஸ் எழுந்தார். தலை வழுக்கை, கழுத்துவரை பொத்தானிட்ட சட்டை. இருபது ஆண்டுகளாகப் பிறர் தலைகளைத் தொட்டுத் தொட்டு மென்மையாகிப்போன குரல்.

"புரிதல்ங்கிறது ஒரு முடிச்சு மாதிரிங்க மேடம். தலைக்குள்ள நூலு நூலா என்னென்னவோ கெடக்கும். ஒரு நொடியில எல்லாம் சேர்ந்து முடிச்சு விழும். பட்டை அந்த நொடியக் காட்டிக்கொடுக்கும். நான் முடிச்ச அவுத்துருவேன். ஆனா நூலு அங்கேயே கெடக்குமே. கெடந்தா மறுபடி முடிச்சு விழலாம், விழாமலும் போகலாம். நூலையும் உருவிட்டா கம்பெனிக்குக் கவலை இல்ல."

"உருவினா இவங்களுக்கு என்ன ஆகும்?"

"நாலு வருஷம் வேலைக்குப் போனது ஞாபகம் இருக்கும். என்ன செஞ்சோம்னு இருக்காது. சில பேரு கொஞ்ச நாளைக்கு வாசப்படியில நின்னு யோசிப்பாங்க, எதுக்கு வந்தோம்னு. அப்புறம் பழகிரும்."

"பழகிருமுங்களா?" என்று கேட்டாள் தமயந்தி. அன்று அவள் பேசிய முதல் சொல் அது. "யாருக்குங்க பழகுச்சு? ஒரு பேரு சொல்லுங்க."

டைட்டஸ் தரையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

*

செங்காட்டூர் நகராட்சியில் நான்கு நாளுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் குடிநீர் வரும். தண்ணீர் வரும் நேரத்தில் தெருவிலுள்ள எல்லா வீடுகளிலும் மோட்டார் ஓடும். குழாயிலிருந்து இழுத்தால்தான் தொட்டி நிறையும். எல்லோரும் இழுப்பதால் எவருக்கும் ஒழுங்காக வராது. வராததால் எல்லோரும் இன்னும் பெரிய மோட்டார் வாங்குவார்கள். மண்ணுக்கடியில் குழாய்கள் நூறு இடங்களில் கசிந்தன. எந்த நூறு இடம் என்பதைக் கண்டறியும் ஐந்தாண்டு ஒப்பந்தம் நீர்விழிக்குக் கிடைத்தது. நீர்விழி அதைத் தமயந்தியிடம் கொடுத்தது.

கசியும் குழாய் ஓசை எழுப்பும். அந்த ஓசையைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் உலகெங்கும் உண்டு. அவை குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும் ஊர்களில் செய்யப்பட்டவை. செங்காட்டூரில் அவற்றைப் பொருத்திக் கேட்டால் மோட்டார் மட்டும் கேட்டது. ஆகவே மோட்டாரின் ஓசையைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைக் கேட்க வேண்டும் என்று தமயந்தி முடிவுசெய்தாள். இப்படி முடிவுசெய்ததில் அவளைத் தவிர வேறு எவருக்கும் தவறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

முதலாண்டு மோட்டார்களை வகை பிரித்தாள். இரண்டாம் ஆண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்தத் தெருவில் எந்த வீட்டு மோட்டார் என்று சொல்லும் நிலைக்கு வந்தாள்; ஓசையைக் கழிக்கத்தான் வரவில்லை. மின்தடை நாளில் கேட்டுப் பார்த்தாள். ஆளுக்கொரு மின்கலத்தில் மோட்டார் ஓடியது. மழையில் கேட்டாள். இரும்புக் கம்பியைக் குழாயில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டாள். கணக்கு ஒன்று அமைந்து, இரண்டு வாரம் மகிழ்ந்திருந்து, மூன்றாவது வாரம் அது தையல் இயந்திரம் ஒன்றைக் கசிவு என்று காட்டியதும் அழித்தாள். அலுவலகத்தில் அவளுக்கு "மோட்டார் அக்கா" என்று பெயர் விழுந்தது. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கடைசித் தரத்தில் இருந்தாக வேண்டும் என்பது நிறுவன விதி. அது யார் என்று மேலாளர் கிருபாகரனுக்கு ஆண்டுதோறும் யோசிக்க வேண்டிய தேவை எழவில்லை.

அவளை வருத்தியது கேலி அன்று. ஏதோ ஒன்று மிக அருகில் நின்றுகொண்டு முகத்தைக் காட்ட மறுக்கிறது என்ற உணர்வே வருத்தியது. பல் தேய்க்கும்போதும் அது அருகில் நின்றது. அம்மாவின் தொலைபேசி அழைப்பில் பாதியில் குறுக்கிட்டது. "கேக்கறியா கண்ணு?" என்று அம்மா கேட்கும்போது அவள் மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான்காம் ஆண்டு, மார்ச் மாதத்தில் ஒரு நாள். செங்காட்டூரில் தண்ணீர் நின்று சில நிமிடங்கள் ஆகியிருந்தன. மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கருவிகளைச் சுருட்டி வைத்துவிட்டு, கையில் ஒட்டிய மண்ணைக் கழுவத் தெருக்குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. குழாயின் வாயைத் துடைப்பதற்காக உள்ளங்கையை அதில் வைத்தாள்.

குழாய் அவள் கையைப் பிடித்து இழுத்தது.

மெல்லிய இழுப்புதான். கையை எடுத்தாள், "ஸ்" என்றது. மீண்டும் வைத்தாள்; மீண்டும் இழுத்தது. தாழ்ந்த தெருவை நோக்கி மிச்ச நீர் வடிந்துகொண்டிருக்கிறது. வடிந்து காலியாகும் குழாய் காற்றை உள்ளே இழுக்கிறது. திறந்திருக்கும் எல்லா வாய்களாலும் இழுக்கிறது. கசிவும் ஒரு வாய். நீர் வெளியேறும் ஓசையை நான்கு ஆண்டுகள் மோட்டார்களுக்கு நடுவே தேடியிருந்தாள். நீர் நின்ற பிறகு, மோட்டார் எல்லாம் உறங்கிய பிறகு, ஒவ்வொரு கசிவும் மூச்சை உள்ளே இழுத்துத் தன் இடத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அவள் தவறாமல் கருவியைச் சுருட்டி வைத்தாள்.

அதோடு சாக்கடை ஓரத்துக் கசிவுகள் எதை உள்ளே இழுக்கும் என்பதும், கோடைதோறும் செங்காட்டூர்க் குழந்தைகளுக்கு ஏன் மஞ்சள் காமாலை வருகிறது என்பதும் அதே மூச்சில் விளங்கின. தனித்தனியாகக் கிடந்தவை எல்லாம் ஒன்றாயின. தையல் இயந்திரம்கூட ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது. தமயந்தி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள். அடக்க முயன்றாள், முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது.

எதிர்வீட்டுப் பெண் காலிக்குடத்தோடு நின்று பார்த்தாள். "ஏங்கண்ணு, தண்ணி நின்னு போச்சுன்னு ஆராச்சும் சிரிப்பாங்களா?"

"சிரிக்கோணுமுங்கக்கா," என்றாள் தமயந்தி. "நின்னாத்தானுங்க தெரியுது."

நெற்றிப்பட்டை அந்த நொடியைக் குறித்துக்கொண்டது. மறுநாள் அலுவலக உணவகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கின்மேல் கிருபாகரனின் பெயர் இருந்தது. தமயந்திக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. ஜூன் மாதம் அவள் கேட்டபோது கிருபாகரன் பொறுமையாக விளக்கினார்: "ஒரே மாசத்துல எல்லாக் கசிவையும் காட்டிட்டா, காண்ட்ராக்ட்ல மீதி நாளுக்கு நாம என்ன பண்றது தமயந்தி? கொஞ்சம் பிசினஸாவும் யோசிங்க." ஜூலையில் செங்காட்டூர் அரசு மருத்துவமனையில் காமாலைக்காக மட்டும் முப்பது குழந்தைகள் படுத்திருந்தனர். ஆகஸ்டில் அந்த நகராட்சியிலேயே பொறியாளர் பணிக்கு விண்ணப்பித்து, தேர்வாகி, நீர்விழிக்கு விலகல் கடிதம் கொடுத்தாள். ஆணையரிடம் செய்தியைச் சொல்லிவிட்டு நேரே சிறைக்குப் போகவும் அவள் ஆயத்தமாக இருந்தாள். ஆனால் ஆணையரையும், அவர் சொல்லிக் குழி தோண்டும் பணியாளர்களையும் வரிசையில் உட்காரவைத்து, அவர்கள் தலையிலிருந்தும் அதைத் துடைத்துவிடுவார்கள். கசிவுகள் அங்கேயே இருக்கும்.

*

கிருபாகரன் சாட்சி இருக்கையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்; தீர்ப்பாளர் கண்ணாடியை மாட்டியதும் காலை இறக்கினார்.

"கேளுங்கம்மா," என்றார் ஹமீதா பானு.

தமயந்தி எழுந்தாள். குரல் நடுங்கியது, நடுக்கம் அச்சத்தால் என்று கிருபாகரன் எண்ணினார். பத்தாண்டுகள் பக்கத்து அறையில் இருந்தும் அவளுடைய கோபம் எப்படி இருக்கும் என்று அவர் அறியவில்லை.

"சார், அந்த நாலு வருஷம் நான் என்னங்க வேலை செஞ்சேன்?"

கிருபாகரன் புன்னகைத்தார். "இதை இங்க பேசணுமா? உங்களுக்குத்தான் சங்கடம்."

"பரவால்லீங்க. பழகிருச்சுங்க."

"மேடம், நேர்மையா சொல்லிடறேன். அவுட்புட்னு எதுவும் இல்ல. வருவாங்க, ஹெட்போன் மாட்டுவாங்க, மோட்டார் சத்தம் கேப்பாங்க, போவாங்க. நாலு வருஷமும் கடைசி ரேட்டிங். வேற யாரா இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நாங்க சுமந்தோம்."

"சுமந்தீங்க. செரி. அப்பறம் அந்தத் தெளிவு எப்படிங்க வந்துச்சு?"

"முந்தின நாள் ரிவ்யூ மீட்டிங் வச்சேன். ஒரு மணி நேரம். 'நீங்க போற வழியே தப்பு, புதுசா யோசிங்க'ன்னு சொன்னேன். மறுநாள் வந்திருச்சு. தெளிவுரிமைப் பதிவுல முதல் பேரு என்னுதா இருக்கறது அதனாலதான்."

"'புதுசா யோசிங்க.' அதுதான் உங்க பங்குங்களா?"

"திசை காட்டறதுதான் தலைமை."

"அந்த மீட்டிங்ல உங்களுக்கு ரெண்டு போன் வந்துச்சுங்க. ஒண்ணு உங்க வீட்டு டைல்ஸ் பத்தி."

"பதிவுக்குத் தேவையில்லை," என்றார் தீர்ப்பாளர், தட்டச்சரைப் பார்த்து. தட்டச்சர் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தார்.

"அப்ப என்னோட நாலு வருஷத்துக்கும் அந்தத் தெளிவுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

சுந்தரவதனம் தொண்டையைக் கனைத்தார். கூட்டங்களில் பிறர் கனைப்பைப் பொருட்படுத்தாத பழக்கம் கிருபாகரனுக்கு நெடுநாளாக உண்டு.

"ஒரு சம்பந்தமும் இல்ல. அது வெறும் தோல்வி. அதை வேலைன்னு சொன்னா, வேலை செய்யறவங்கள அவமானப்படுத்தற மாதிரி."

"மேடம், என் கட்சிக்காரர் சொல்ல வந்தது என்னன்னா..." என்று சுந்தரவதனம் எழுந்தார்.

"சொல்ல வந்ததைச் சொல்லிட்டாரு. உக்காருங்க." ஹமீதா பானு கிருபாகரனிடம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியணும். அந்த முயற்சிகள் வேலைதான்னா, தெளிவு அதிலிருந்து வந்ததுதான். அப்ப பதிவுல முதல் பெயர் இவங்களோடது. உங்க பெயரை நீக்கச் சொல்லி நான் எழுதணும். வேலை இல்லைன்னா அது நிறுவனத்தோட உடைமை இல்லை. நீங்க அதைத் தொட முடியாது. ரெண்டுல எது?"

சுந்தரவதனம் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். விரைவாக, இரண்டு முறை சொன்னார். கிருபாகரன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அடுத்த மாதம் சிங்கப்பூரில் அந்தத் தெளிவைப் பற்றி அவர் உரையாற்ற இருந்தார். அழைப்பிதழில் படம் அச்சாகிவிட்டது.

"வேலை இல்லைங்க மேடம்," என்றார். "தோல்விதான்."

"பதிவு பண்ணிக்கங்க," என்றார் தீர்ப்பாளர்.

*

தீர்ப்பு இதுதான்: தெளிவு நிறுவனத்திற்கு, முயற்சிகள் தமயந்திக்கு. மீட்பு முடிந்ததாகச் சான்று வந்த பிறகே ஆணையில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. "மொதல்ல கையெழுத்துப் போடுங்க மேடம்," என்று தமயந்தி கேட்டாள். விதி அப்படி இல்லை என்றார் தீர்ப்பாளர். அப்படி இருந்திருக்கலாம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. தெரிந்ததால் எதுவும் மாறவில்லை.

பக்கத்து அறையில் டைட்டஸ் அவள் தலையில் கருவியைப் பொருத்தினார்.

"ஒரு தடவ அத முழுசா நெனச்சுக்கங்க. அப்பத்தான் கருவி எடத்தப் புடிக்கும்."

"கடைசி தடவைங்களா?"

அவர் ஒரு திருகைச் சரிசெய்தார்.

தமயந்தி கண்ணை மூடினாள். மார்ச் மாத வெயில்; மோட்டார்கள் அடங்கும் ஒலி; உள்ளங்கையில் குழாயின் இழுப்பு. பிறகு அது வந்தது. முதல் முறை வந்ததைப் போலவே, குறையாமல். ஊரெங்கும் மண்ணுக்கடியில் நூறு வாய்கள் மூச்சிழுத்தன. அவள் சிரிக்கத் தொடங்கினாள். தன்னைக் கொள்ளையடிக்க வந்தவர்களுக்கு அதைத் தானே எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதும், அப்போதும் அது இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது என்பதும் அவளுக்கு ஒருசேரத் தெரிந்தன.

"போதுங்க," என்றார் டைட்டஸ்.

அவள் வாய் இன்னும் சிரிப்பின் வடிவிலேயே இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

"எந்தப் பிரச்சினையில வேலை செஞ்சீங்க?"

"செங்காட்டூர். குழாய்க் கசிவு."

"கசிவ எப்படிக் கண்டுபிடிக்கோணும்?"

"மோட்டார் சத்தத்தக் கழிச்சு..." நிறுத்தினாள். "இல்லீங்க. அது தப்பு. தப்புன்னு தெரியுது. ஏன் தப்புன்னு தெரியல." நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து சிரித்தது நினைவிருந்தது, ஒரு பெண்ணின் குரல் நினைவிருந்தது, சிரிப்பின் காரணம் இருந்த இடம் மட்டும் வழித்தெடுத்தாற்போல் இருந்தது. "நான் எதுக்குங்க சிரிச்சேன்? உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். சொல்லக் கூடாதுங்க." டைட்டஸ் சான்றில் கையெழுத்திட்டார். "வர்ற மாசம் நானும் ரிட்டயர்டு. என்னோடதையும் எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க."

தமயந்தி எழுந்தாள். கோபம் முழுதாக இருந்தது. அதற்கு நெற்றிப்பட்டையில் பதிவு இல்லாததால் எவரும் அதைத் தேடவில்லை.

மன்றத்தில் ஹமீதா பானு ஆணையின் கடைசிப் பத்தியை உரக்கப் படித்தார்: "மேற்படி முயற்சிகள் பணியாகா என்று நிறுவனமே கூறியுள்ளமையால், அவை எதிர்மனுதாரருக்கே உரியவை. அவற்றிலிருந்து அவர் இனி எதை அறிந்தாலும், அது இன்று மீட்கப்பட்டதை முற்றிலும் ஒத்திருப்பினும், அவருக்கே உரியது. அதை அவர் விரும்பும் எவருக்கும் தெரிவிக்கலாம். நிறுவனம் அவரைப் பணியிலிருந்து இன்றே விடுவித்ததாகக் கொள்ளப்படும்."

"மேடம், 'ஒத்திருப்பினும்'னா..." என்று சுந்தரவதனம் எழுந்தார்.

"மேல்முறையீடு பண்ணலாம். அதுக்கு உங்க மேலாளர் வேற சாட்சி சொல்லணும்."

கிருபாகரன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு கேக்கோணுமுங்க," என்றாள் தமயந்தி. "போன தடவ நாலு வருஷம் ஆச்சு. இந்தத் தடவ எத்தன நாளாகும்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் அங்க எத்தன குழந்தைக ஆசுபத்திரியில படுக்கோணும்? அது இதுல எங்கியாச்சும் எழுதியிருக்குதுங்களா?"



"அது மனுவுல கேக்கப்படலம்மா," என்றார் ஹமீதா பானு. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கேட்டிருக்க மாட்டாங்க," என்றாள் தமயந்தி. "சீக்கிரம் குடுத்துருங்க மேடம். செங்காட்டூர்ல நாளைக்குத் தண்ணி வர்ற நாளு. நாலு மணி பஸ்ஸ விட்டா அப்பறம் இல்ல."

தீர்ப்பாளர் கையெழுத்திட்டார், தேதியிட்டார், முத்திரை உலரும்வரை காத்திராமல், வழக்கத்திற்கு மாறாகத் தாமே இருக்கையைவிட்டு எழுந்து மேசையைச் சுற்றி வந்து, ஆணையை அவளிடம் கொடுத்தார்.